கடற்கரைக்கு இரண்டு நாள் கார் பயணம்: கணக்கை மணலிலிருந்து தொடங்குங்கள்

குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகலாம் என்று முடிவானதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?" என்பதுதான். யாராவது ஒருவர் "நாலு மணிக்கே கிளம்பிட்டா ரோடு காலியா இருக்கும்" என்பார். அதோடு திட்டம் முடிந்துவிட்டதாக எல்லோரும் படுக்கப் போய்விடுவார்கள். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: மணலில் எத்தனை மணிக்குக் கால் வைக்க வேண்டும்? அதற்கு விடை கிடைத்தால் கிளம்பும் நேரம், தங்குமிடம், சாப்பாடு, மூட்டை எல்லாம் அதிலிருந்து தானாக வந்துவிழும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இருநூறு கிலோமீட்டர் தூரம். மேப் மூன்றரை மணி நேரம் காட்டுகிறது. சிறு பிள்ளைகளும் வயதானவர்களும் இருக்கும் வண்டிக்கு அதில் கால் பங்கு கூட்டிக்கொள்ள வேண்டும். ஆக நாலேகால், நாலரை மணி நேரம். அதிகாலை ஐந்தரைக்குக் கிளம்பினால் பத்து மணிக்குப் போய்ச் சேரலாம். அறை கிடைப்பதோ பெரும்பாலும் மதியம் இரண்டு மணிக்கு மேல். வெயில் மிகக் கடுமையாக இருக்கும் நான்கு மணி நேரம், தூங்கி வழியும் பிள்ளைகள், உடை மாற்ற இடமில்லை, காருக்குள் இருபது பை. பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தப் பத்திலிருந்து இரண்டு வரைக்குள்தான்.

நான்கு மணிக்குக் கிளம்பினால் இன்னும் மோசம். ஓட்டுகிறவர் முந்தின இரவு மூட்டை கட்டிவிட்டுப் பதினொன்றரைக்குப் படுத்து மூன்றேகாலுக்கு எழுந்திருப்பார். பின்னிரவு இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை உடம்பு தூக்கத்தைக் கேட்கும் நேரம். ரோடு காலியாக இருப்பதால் வேகமும் கூடும். அரைத் தூக்கமும் காலி ரோடும் சேர்வதைப் போல ஆபத்தான கூட்டு வேறில்லை.

அதற்குப் பதிலாக, நன்றாகத் தூங்கி எழுந்து, காலை உணவு முடித்து, பத்து மணிக்கு நிதானமாகக் கிளம்பலாம். வழியில் லேசான மதியச் சாப்பாடு, இரண்டரைக்கு அறை, ஒரு குட்டித் தூக்கம், நாலரைக்குக் கடற்கரை. வெயில் சாய்ந்திருக்கும், பிள்ளைகள் தெளிவாக இருப்பார்கள், இருட்டும் வரை நேரமிருக்கும். மறுநாள் காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை இரண்டாவது ஆட்டம். ஒரே இரவு தங்கினாலும் இப்படி இரண்டு முழு அமர்வு கிடைக்கும். அதிகாலையில் அடித்துப்பிடித்துக் கிளம்புகிறவர்களுக்கும் அதே இரண்டுதான் கிடைக்கிறது, நடுவில் அந்த நான்கு மணி நேரத் தண்டனை வேறு.

பத்து மணிக்கு நகரம் எப்படி இருக்கும் என்பது ஊருக்கு ஊர் மாறும். மேப்பில் கிளம்பும் நேரத்தை முன்கூட்டிக் குறிக்கும் வசதி இருக்கிறது. அதில் நீங்கள் போகும் அதே கிழமையை வைத்து எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று என மாற்றி மாற்றிப் பாருங்கள். நகரத்தை விட்டு வெளியேறும் முதல் முப்பது கிலோமீட்டரும் கடற்கரையை ஒட்டிய கடைசி ஐந்து கிலோமீட்டரும்தான் நேரத்தை விழுங்கும். நடுவே இருக்கும் நெடுஞ்சாலையில் வேகமாகப் போய் மிச்சம் பிடிப்பது அதிகம் இருக்காது.

கடலின் அட்டவணை

கடலுக்கென்று ஒரு நேர அட்டவணை உண்டு. விடுதியைப் பதிவு செய்யும் முன்பே அதைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கரைகளில் ஒரு நாளில் இரண்டு முறை கடல் ஏறும், இரண்டு முறை வற்றும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். சனிக்கிழமை காலை 7 மணிக்கு நன்றாக வற்றியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை அது 7.50 வாக்கில் நடக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் அதிகம், அரைநிலா நாட்களில் குறைவு. சில கரைகளில் மொத்த வித்தியாசமே அரை மீட்டருக்குள்தான் இருக்கும், அங்கே இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இரண்டு மூன்று மீட்டர் ஏறி இறங்கும் கரை என்றால் எல்லாமே இதைப் பொறுத்ததுதான்.

சரிவு குறைந்த, பரந்த கரையில் கடல் வற்றியிருக்கும் நேரம் பிள்ளைகளுக்கு ஏற்றது. கணுக்கால் ஆழத்தில் தண்ணீர் தேங்கிய குட்டைகள் இருக்கும், விளையாட இடமும் நிறைய. செங்குத்தாகச் சரியும் கரையில் ஏற்ற நேரத்தில் அலை நேராகக் கரையிலேயே வந்து உடையும். முழங்கால் ஆழத்தில் நிற்கும் பெரியவரையே புரட்டிப்போடும் அலை அது. பிள்ளைகளை அந்நேரம் இறக்காதீர்கள்.

ஏறும் கடலின் வேகம் சீராக இருக்காது. ஆறு மணி நேரத்தில் ஏறும் மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால், முதல் மணியில் ஒரு பங்கு, பிறகு இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று எனத் தோராயமாக ஏறும். மூன்றாவது, நான்காவது மணி நேரத்தில் மட்டும் பாதி ஏறிவிடும். "ஒரு மணி நேரமா இங்கேதான் இருக்கோம், தண்ணி பெருசா வரலையே" என்று பாயை விரித்தபடி விட்டுவிட்டுப் போகிறவர்கள் திரும்பி வரும்போது செருப்பு மிதக்கும். மணல் திட்டுகளில் நடந்து தூரம் போகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து: முன்னால் கடல் அமைதியாக இருக்க, பின்னால் இருக்கும் தாழ்ந்த ஓடையில் தண்ணீர் நிறைந்து கரைக்குத் திரும்பும் வழி அடைபட்டுவிடும்.

வானிலை முன்னறிவிப்பில் மழையை மட்டும் பார்ப்பது போதாது. அலையின் உயரத்தோடு அலைகளுக்கு இடையிலான விநாடிகளையும் பாருங்கள். ஆறு ஏழு விநாடி என்றால் அங்கேயே வீசும் காற்று எழுப்பிய சிற்றலை. பதினான்கு விநாடிக்கு மேல் என்றால் தொலைதூரப் புயல் அனுப்பிய அலை. வானம் பளிச்சென்று இருக்கும், காற்றே இருக்காது, பத்து நிமிடம் கடல் தூங்குவது போலத் தெரியும், பிறகு நாலைந்து பெரிய அலைகள் வரிசையாக வந்து பாறை மேல் நிற்பவர்களை அள்ளிக்கொண்டு போகும். அப்படிப்பட்ட நாளில் பாறை, அலைத்தடுப்புச் சுவர் பக்கமே போகக்கூடாது.

தங்குமிடத்தில் கேட்க வேண்டியவை

படங்கள் எதையும் சொல்லாது. போனில் கூப்பிட்டுக் கேளுங்கள். அறைக்கு எத்தனை படி? கடற்கரைக்கு நடக்கும் வழியில் பெரிய சாலையைக் கடக்க வேண்டுமா? மணலைக் கழுவ வெளியே குழாய் இருக்கிறதா? சீக்கிரம் வந்தால் பையையாவது வைக்கலாமா? கடைசிக் கேள்வியை ஏறக்குறைய யாரும் கேட்பதில்லை: வண்டி நிறுத்துமிடம் மூடியதா, அப்படியானால் கூரை எத்தனை உயரம்? ரூஃப் பாக்ஸ் (கூரை மேல் மாட்டும் சாமான் பெட்டி) மாட்டிய வண்டி சுமார் நாற்பது சென்டிமீட்டர் கூடுதல் உயரத்தில் நிற்கும். தரைத்தளப் பார்க்கிங்கின் நுழைவாயிலில் பெட்டி பிளந்த கதைகள் ஏராளம். கிளம்பும் முன் தரையிலிருந்து பெட்டியின் உச்சி வரை டேப் வைத்து அளந்து, அந்த எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒட்டிவிடுங்கள்.

கடலைப் பார்த்த அறைக்குக் கூடுதல் பணம் கொடுப்பது இரண்டு நாள் குடும்பப் பயணத்தில் வீண் என்பது எங்கள் கணிப்பு. பகலெல்லாம் கடலில்தான் இருக்கப்போகிறீர்கள். அந்தப் பணத்தை மறுநாள் தாமதமாக அறையைக் காலி செய்வதற்குக் கொடுங்கள். காலைக் குளியல் முடித்து, உப்பைக் கழுவி, ஈரத்துணியைப் பிழிந்துவிட்டு வண்டி ஏறுவது, கடல் தெரியும் ஜன்னலைவிடப் பெரிய சுகம்.

வண்டி

டயரைக் குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும். குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும், அதை நம்பிக் காற்றைக் குறைத்தால் குளிர்ந்தபின் கம்மியாகிவிடும். ஓட்டுநர் கதவை ஒட்டிய தூணில் இருக்கும் ஸ்டிக்கரில் பல வண்டிகளுக்கு இரண்டு அளவுகள் போட்டிருக்கும்: இரண்டு மூன்று பேர் போகும்போது ஒன்று, முழுப் பாரத்துக்கு ஒன்று. குடும்பமும் மூட்டையும் ஏறினால் இரண்டாவது அளவுதான். பின் டயருக்கு அது நன்றாகவே கூடும். பலர் வருடம் முழுவதும் முதல் அளவிலேயே ஓட்டிவிட்டு, நெடுஞ்சாலையில் பின்பக்கம் ஆடுகிறது என்று குறைபடுவார்கள்.

ஸ்டெப்னியை மறக்க வேண்டாம். அது ஒல்லியான தற்காலிகச் சக்கரமாக இருந்தால் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ வேண்டும், 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 3518 என்றால் 2018-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமலே ரப்பர் கெட்டிப்பட்டிருக்கும் டயரை அந்த எண் காட்டிக்கொடுக்கும்.

முன் கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடையுங்கள், பலர் வெளிப்பக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். டேஷ்போர்டு பிளாஸ்டிக் வெயிலில் விடும் ஆவி கண்ணாடியில் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும், நேர்வெயில் பட்டதும் வெள்ளையாக மறைக்கும். கடல் உங்கள் ஊருக்குக் கிழக்கே இருந்தால் இது இரண்டு மடங்கு முக்கியம். அதிகாலையில் போகும்போதும் சூரியன் முகத்தில், மாலையில் திரும்பும்போதும் முகத்தில். மேற்கே கடல் இருப்பவர்களுக்கு இரண்டு வேளையும் முதுகுப்பக்கம். பத்து மணிக்குக் கிளம்ப இதுவும் ஒரு காரணம்.

மின்சார வண்டி என்றால் நெடுஞ்சாலை வேகத்தில் தூரம் குறையும் என்பதை வைத்துக் கணக்கிடுங்கள். வேக சார்ஜரில் 80 சதவீதத்துக்கு மேல் ஏறுவது மந்தமாகிவிடும். அங்கே காத்து நிற்பதைவிட, கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு முறை ஏற்றுவது மேல். விடுமுறை நாளில் கடற்கரை ஊரின் ஒரே சார்ஜரை நம்பிப் போகக்கூடாது. அதற்கு முந்தைய நிலையத்திலேயே திரும்பி வர ஒரு பங்கு மிச்சம் இருக்கும்படி ஏற்றிக்கொள்ளுங்கள்.

மூட்டையின் வரிசை

கனமானவை டிக்கியின் அடியில், பின்னிருக்கையை ஒட்டி. பின்கண்ணாடியை மறைக்கும் உயரத்துக்கு எதுவும் அடுக்கக்கூடாது. திடீர் பிரேக்கில் தலைக்கு மேலே பறந்து வருவது மேலே வைத்த தண்ணீர்ப் பாட்டில்தான். இந்த அளவு எல்லோருக்கும் தெரியும். தெரியாத இடம் வரிசை. கடைசியில் ஏற்றியது முதலில் வெளியே வரும். அதனால் கடற்கரைப் பையைக் கடைசியாக ஏற்றுங்கள். அறைக்குள் போய் ஐந்து பெட்டியைக் கிளறி நீச்சலுடை தேடும் அரை மணி நேரம் மிச்சமாகும்.

முன் இருக்கைக்குக் கீழே, கைக்கெட்டும் தூரத்தில், வாந்திப் பை ஒன்று தனியாக இருக்க வேண்டும்: ஜிப் வைத்த கெட்டியான பைகள் நான்கு, ஈரத் துடைப்பான், ஒரு துண்டு, பிள்ளைக்கு ஒரு செட் மாற்றுடை, பக்கத்தில் உட்காருகிறவருக்கும் ஒரு சட்டை. இந்தக் கடைசிச் சட்டையை வைக்கிறவர்கள் ஒரு முறை பட்டவர்கள். வண்டி ஆட்டத்தால் வரும் குமட்டல் இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரைதான் அதிகம். காது அசைகிறோம் என்கிறது, மடியில் இருக்கும் போன் அசையவில்லை என்கிறது. இந்த முரண்தான் காரணம். வளைவுகள் தொடங்குவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பே திரையை வாங்கி வைத்துவிட்டு வெளியே தூரத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். குமட்டல் வந்தபின் வாங்கினால் பயனில்லை. வயிறு காலியாகவும் இருக்கக்கூடாது, எண்ணெய்ப் பண்டத்தால் நிறைந்தும் இருக்கக்கூடாது. மருந்து கொடுப்பதானால் மருத்துவரைக் கேட்டுக் கிளம்புவதற்கு அரை மணி, ஒரு மணி முன்பு.

வயதானவர்களின் மாத்திரை டிக்கியில் போகக்கூடாது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் பத்து நிமிடத்தில் பத்து டிகிரி செல்சியஸ் வரை சூடு ஏறிவிடும், இன்சுலின் அதைத் தாங்காது. அதே காரணத்துக்காகத்தான் பிள்ளையை "ரெண்டே நிமிஷம்" என்று காரில் விட்டுப் போகக்கூடாது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை.

ஐஸ் பெட்டி ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும். குடிக்கிற பெட்டியை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது திறப்பார்கள், சாப்பாட்டுப் பெட்டியின் குளிர் அதோடு போகக்கூடாது. தண்ணீர்ப் பாட்டில்களை முக்கால் அளவு நிரப்பி முந்தின இரவே உறைய வைத்தால் அதுவே ஐஸ், உருகினால் குடிதண்ணீர். முழுக்க நிரப்பினால் வெடிக்கும், உறையும்போது தண்ணீர் ஒன்பது சதவீதம் விரிகிறது. சமைத்த உணவை வெளியே வைத்தால் இரண்டு மணி நேரம், 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரே மணி நேரம். மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுவர நினைக்காதீர்கள்.

தண்ணீரில் இறங்கும் முன்

கரைக்கு வந்ததும் ஐந்து நிமிடம் நின்று கடலைப் பாருங்கள், கொஞ்சம் உயரமான இடத்திலிருந்து. இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும்போது நடுவே ஒரு பட்டை மட்டும் உடையாமல், கருமையாக, அமைதியாகத் தெரிந்தால் அதுதான் கடல் உள்ளே இழுக்கும் வழி. நுரையும் மணல் கலங்கலும் அதன் வழியே வெளிநோக்கிப் போவதைக் கவனிக்கலாம். பிள்ளைகளோடு வருகிறவர்கள் "இங்கேதான் அலை இல்லை" என்று அந்த இடத்தையே தேர்ந்தெடுப்பார்கள், அங்கேதான் ஆபத்து. அதில் மாட்டியவர் கரையை நோக்கி நீந்தக்கூடாது, நீச்சல் வீரருக்கே அது முடியாது. மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும், அல்லது கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். அது ஆளைக் கீழே இழுக்காது, தூரம்தான் கொண்டுபோகும். பதற்றத்தில் களைத்துப்போவதே உயிரை எடுக்கிறது.

காவலர்கள் இருக்கும் கரைகளில் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே குளிக்கலாம் என்பதும், சிவப்புக் கொடி என்றால் இறங்கக்கூடாது என்பதும் பரவலான வழக்கம். ஆனாலும் அந்தக் கரையின் பலகையைப் படித்துவிடுங்கள். காற்றடைத்த மிதவைகளை நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும்போது எடுக்கவே வேண்டாம். விடியற்காலையில் காற்று பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், மதியத்துக்கு மேல் திசை மாறிக் கரையை நோக்கி வீசும். பிள்ளைகளுக்கு நீல, வெள்ளை நீச்சலுடை வாங்காதீர்கள், தண்ணீருக்குள் மறைந்துவிடும். பளீர் ஆரஞ்சோ பச்சையோ தூரத்திலிருந்தும் தெரியும்.

நான்கு பெரியவர்கள் கரையில் உட்கார்ந்திருந்தால் ஒருவரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். மற்றவர் பார்ப்பார் என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து, முறை வந்தவர் போனைப் பையில் போட்டுவிட வேண்டும். மூழ்குகிறவர்கள் பெரும்பாலும் கத்துவதில்லை. வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்த நொடியில் மூச்சு வாங்கவே நேரமிருக்காது.

வெயில் காப்பு லோஷனை அறையிலேயே, துணி மாற்றும் முன், இறங்குவதற்கு இருபது நிமிடம் முன்பாகத் தடவிவிடுங்கள். பெரியவர் ஒருவருக்கு உடம்பு முழுக்க 30 மில்லி அளவு வேண்டும். பெரும்பாலோர் அதில் பாதிகூடப் போடுவதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், தண்ணீரிலிருந்து வந்ததும் மறுபடியும் போட வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு லோஷன் வேண்டாம், நிழலும் துணியும் போதும். சொறிமுட்டை (ஜெல்லி மீன்) கடித்தால் நல்ல தண்ணீர் ஊற்றக்கூடாது, கடல் தண்ணீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால் எடுத்து, தோல் தாங்கும் வெந்நீரில் இருபது நிமிடம் வைத்தால் பெரும்பாலும் வலி அடங்கும். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி என்றால் உடனே மருத்துவமனை.

கார் சாவி கடலுக்குள் வரக்கூடாது. ரிமோட் சாவி உப்புத் தண்ணீரில் ஒரு நொடி நனைந்தாலும் பிழைப்பது சந்தேகம். கரையில் இருப்பவரின் பையில், ஜிப் போட்ட உறைக்குள் இருக்கட்டும். வண்டியையும் மணலில் இறக்காதீர்கள். இறக்கிவிட்டுச் சிக்கிக்கொண்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டாம், ஒவ்வொரு மிதியும் சக்கரத்தை ஒரு அங்குலம் புதைக்கும். சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் மணலை வாரி அகற்றிவிட்டு, டயர் காற்றை 18 பிஎஸ்ஐ வரை இறக்கி, காரின் ஃப்ளோர் மேட்டைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து, மெதுவாக நகர்த்துங்கள். தார் ரோட்டில் ஏறியதும் நிதானமாகப் போய் முதல் வேலையாகக் காற்றை நிரப்ப வேண்டும்.

திரும்பும் பாதை

கெட்டது நடப்பதானால் திரும்பும்போதுதான். உப்பு, வெயில், நீச்சல், வயிறு நிறையச் சாப்பாடு, பிறகு மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை உடம்பின் இன்னொரு தூக்க நேரம். பின்னால் எல்லோரும் தூங்குவார்கள், ஓட்டுகிறவர் மட்டும் விழித்திருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். ஆகவே காலை அமர்வை ஒன்பதுக்கு முடித்து, பதினொன்றரைக்குள் வண்டியை எடுத்துவிட வேண்டும். ஓட்டுகிறவர் காலையில் நீந்தாமல் கரையில் உட்கார்ந்தால் இன்னும் நல்லது. ஒன்றரை மணி வாக்கில் ஒரு நிறுத்தம்: ஒரு காபி குடித்துவிட்டு, இருக்கையைச் சாய்த்து இருபது நிமிடத் தூக்கம். காபி வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும், அது ஏறும்போது எழுந்துவிடலாம். ஜன்னலைத் திறப்பதும் பாட்டை அலறவிடுவதும் தூக்கத்தை விரட்டாது. ஞாயிறு மாலை நகரத்தை நோக்கி வரும் கூட்டத்துக்கு முன்பே, நான்கு மணிக்கு வீட்டில் இருப்பீர்கள்.

வண்டி ஏறும் முன் மணல் வேலை. ஐந்து லிட்டர் கேனில் நல்ல தண்ணீர் டிக்கியில் இருக்கட்டும். அதைவிடச் சிறந்தது பவுடர். மணல் ஒட்டுவது ஈரத்தால். தோலைத் துடைத்துவிட்டுச் சாதாரண முகப்பவுடரைக் கால்களில் தூவித் தேய்த்தால் ஈரம் போய் மணல் கொட்டிவிடும், துண்டால் தேய்த்துப் பிள்ளை அழ வேண்டியதில்லை. குழந்தை இருக்கை நனையாமலிருக்க அடியில் தடித்த துண்டை மடித்துப் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வார் தோளில் இறுகிப் பிடிக்காமல் இடைவெளி விழும்.

வீடு வந்ததும் வண்டியின் அடிப்பகுதியைச் சக்கர வளைவு வரை நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும், மேலே பளபளவென்று கழுவி அடியை விட்டுவிட்டால் துரு அங்கிருந்துதான் தொடங்கும். குழந்தை இருக்கையின் பக்கிளை மட்டும் ஒருமுறை காதருகே வைத்து மாட்டிப் பாருங்கள். "க்ளிக்" சத்தம் தெளிவாகக் கேட்காமல் நறநறவென்றால் உள்ளே மணல். தயாரிப்பாளரின் புத்தகம் அனுமதித்தால் பக்கிளை மட்டும் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் தலைகீழாக ஆட்டி, பொத்தானை அமுக்கி அமுக்கிக் கழுவி, நிழலில் காயவிடுங்கள். எண்ணெய் விடக்கூடாது, அது மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காய்ந்தபின் ஐந்து முறை மாட்டி ஐந்து முறை இழுத்துப் பார்த்து, ஐந்திலும் சத்தம் கேட்டால்தான் பிள்ளையை மறுபடி உட்கார வைக்கலாம்.